ஸ்டூல் இருந்த பக்கம்

"உக்கார எடம் கெடைச்சா உக்காருவாங்க, கெடைக்கலன்னா நின்னுகினு போவாங்க. இதுல ஆராயறதுக்கு இன்னா கீது?"

ஆராய்ச்சி மாணவியாக எனக்கு இடம் கிடைத்த அன்று, பெசன்ட் நகர் குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டே அம்மா கேட்டது இது. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டிகள் வரப்போகின்றன, அவற்றில் முன் சீட்டு, பின் சீட்டு என்று கிடையாது, எல்லோரும் எதிரெதிரே உட்காரலாம், அப்படியானால் ஜனங்கள் எந்த இடத்தை விரும்புவார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று விளக்கினேன். அம்மா கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "டிரைவர் இல்லாத வண்டில எவன் ஏறுவான்?" என்று உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா அடையாறிலும் திருவான்மியூரிலும் தெருத்தெருவாக மீன் விற்றவள். இப்போது மார்க்கெட்டில் ஒரு கடை போட்டிருக்கிறாள். கூடையோடு பஸ் ஏறினால் முகம் சுளிப்பார்கள் என்று பின்படிக்கட்டு ஓரமாக நின்றே பழகியவள். அவளிடம் போய் இருக்கை விருப்பம் என்று பேசியது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

ஆராய்ச்சி நடந்த இடம் கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. என்னோடு படிக்கும் மயிலாப்பூர்ப் பையன் ஒருவன் ஒட்டுப்பலகையும் இரும்புச் சட்டமும் வைத்து அதற்குள் ஒரு வண்டியைக் கட்டித் தந்தான். சக்கரம் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. நாங்கள் அதைக் கூண்டு என்றே சொல்வோம். நீளவாக்கில் கிடக்கும். ஒரு முனை கொட்டகையின் வாசல் பக்கம், மறு முனை பின்சுவர்ப் பக்கம். முனைக்கு இரண்டாக நான்கு இருக்கைகள், எதிரெதிராக. ஒரு பக்கக் கண்ணாடி வழியே அடையாறு தெரியும். மறு பக்கம் ஏறும் கதவு, அதற்கப்பால் வெறும் செங்கல் சுவர். இரண்டு முனைகளும் அச்சாக ஒன்றே. எது முன், எது பின் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டினோம்.

பின்சுவர்ப் பக்கம், கூண்டுக்கு வெளியே, ஒரு ஸ்டூலில் நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்ட ஆட்கள் ஒருவர் ஒருவராக ஏறி, பிடித்த இடத்தில் உட்கார வேண்டும். ஏன் அங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவத்தை நானே நிரப்புவேன்.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் பூ விற்கும் அக்காக்கள் வந்தார்கள். தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் பெண்கள் தங்கள் விடுமுறை நாளில் வந்தார்கள். "உக்காந்து காட்டணும், அவ்ளோதானா? இன்னும் ரெண்டு மணி நேரம்கூட உக்காருறோம் மேடம்" என்றாள் ஒருத்தி. அம்மாவும் ஒருநாள் வந்தாள். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள்.

"ஏம்மா அங்க உக்காந்த?"

"இதான் எடம்."

"ஆறு தெரியுதே, அதுக்காகவா?"

"எழுதிக்கோ" என்றாள்.

எழுதிக்கொண்டேன். ஏனென்றால் அதற்குள் எனக்கு ஒன்று பிடிபட்டிருந்தது, அல்லது பிடிபட்டதாக நினைத்திருந்தேன். ஆண்கள் அங்குமிங்குமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் மட்டும், அநேகமாக எல்லோருமே, வாசல் முனையில் ஆற்றுப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். காரணம் கேட்டால் "சும்மா", "இங்கதானே", "இதான் எடம்" என்பார்கள். நான் "ஆறு தெரியுதுன்னுதானே?" என்று எடுத்துக் கொடுப்பேன். மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். படிவத்தில் 'காட்சி' என்ற கட்டத்தில் டிக் விழும்.

கூண்டு கட்டிய நண்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்த ஆத்த மச்சி பாக்கறாங்க? இந்த ஆத்தயா? வெயில் ஏறினா மூக்கப் பொத்திக்கிட்டு நாம ஓடறோமே, அதையா?"

"உனக்கு ரசனை கெடையாது."

"எனக்கு மூக்கு இருக்கு மச்சி."

நான் அசரவில்லை. ஓட்டுநர் இல்லாத வண்டியில் பெண்கள் இயற்கைக் காட்சியை நாடுகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினேன். என் வழிகாட்டிப் பேராசிரியை படித்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு" என்று சொல்லி, இயற்கைக் காட்சி என்ற சொற்களின் கீழே ஒரு கோடு மட்டும் போட்டார். முதலாண்டு மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு அதையே அனுப்பினோம். அந்தக் கூட்டத்தில்தான் நான் ஆராய்ச்சியைத் தொடரலாமா, இத்தோடு நிறுத்த வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். மூன்று வாரம் இருந்தது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஓட்டை விழுந்து, நேராக என் ஸ்டூல் மேல் சொட்டியது. ஒரு வாளியை அங்கே வைத்துவிட்டு, ஸ்டூலை எடுத்துக்கொண்டு வாசல் முனைக்கு வந்து உட்கார்ந்தேன். வேறெதையும் மாற்றவில்லை.

அன்று ஆறு பெண்கள் வந்தார்கள். முதலாமவர் ஏறி, கதவுப் பக்கமே, பின்சுவர் முனையில் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். மழையில் நனைந்தவர், உள்ளே போகச் சோம்பல்பட்டிருப்பார் என்று நினைத்தேன். இரண்டாமவரும் அங்கேயே. மூன்றாமவரும். ஆறாவது அக்கா கையில் பூப்பையோடு ஏறி, ஒரு பார்வை பார்த்து, யோசிக்காமல் அதே இருக்கையில் போய் அமர்ந்தபோது நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். இத்தனை நாளும் எல்லோரும் விரும்பிய இருக்கைக்கு நேர் குறுக்கே எதிர்மூலை அது. அங்கிருந்து பார்த்தால் செங்கல் சுவர்தான் தெரியும்.

"ஏங்கா அங்க உக்காந்தீங்க?"

"இதான கண்ணு எடம்?" என்றார், என்னையே திருப்பிக் கேட்பதுபோல.

இந்த முறை எடுத்துக் கொடுக்க என்னிடம் ஆறு இல்லை.

அன்று மாலை கோட்டூர்புரத்திலிருந்து பஸ் ஏறினேன். கூட்டம் குறைவு. உட்கார்ந்து, நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டுரையை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மழைதான் காரணம் என்று எழுதலாமா? அந்த ஆறு பேரையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமா? அப்படி ஒரு எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். அடையாறு நிறுத்தத்தில் ஒரு பெண்மணி ஏறினார். எனக்கு இரண்டு வரிசை முன்னால், இடப்பக்கத்து சீட்டில் ஒரு ஆள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி அவர் பக்கத்தில் போய் நின்றார். அவ்வளவுதான். தூங்கினவர் விழித்து, எழுந்து, வலப்பக்கம் போய் உட்கார்ந்து மறுபடி தூங்கிவிட்டார்.

நான் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தேன். இடப்பக்கம் முழுக்கப் பெண்கள். வலப்பக்கம் ஆண்கள். நானும் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். எப்போது அந்த இடத்தை முடிவு செய்தேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. இதான் எடம்.

அங்கேயே பை மேல் விரலால் கூண்டை வரைந்து பார்த்தேன். எது முன்பக்கம் என்று தெரியாத வண்டியில் ஏறும் பெண், முதலில் பொறுப்பான ஆள் யார் என்று தேடுகிறாள். நோட்டும் பேனாவுமாக ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்போது அதுதான் முன்பக்கம். முன்பக்கம் தெரிந்துவிட்டால் இடப்பக்கமும் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தில், முன்னால் பார்த்தபடி இருக்கும் சீட்டில் போய் அமர்கிறாள். ஸ்டூல் பின்சுவர் பக்கம் இருந்தபோது இடப்பக்கம் ஆறு. வாசல் பக்கம் வந்ததும் இடப்பக்கம் செங்கல் சுவர். அவர்கள் யாரும் ஆற்றைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி என்று நான் கட்டிவைத்ததற்கு நானே ஓட்டுநராக உட்கார்ந்திருந்தேன்.

சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. கண்டக்டர் திரும்பி, "இன்னாமா, தனியா சிரிச்சிகினு வர்ற? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?" என்றார்.

மறுநாள் பேராசிரியையிடம் சொன்னேன். தூங்காமல் யோசித்து, அந்த ஆறு பேரையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருத்தி எழுதும் கட்டுரை தப்பாக இருக்கலாம், பொய்யாக இருக்கக் கூடாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டுரை அவா கைக்குப் போயாச்சேம்மா."

"தெரியும் மேடம். கூட்டத்துல நானே சொல்லிடறேன்."

"தொடர வேண்டாம்னுட்டா?"

"கூட்டத்தைக் கொட்டகையில வைக்க முடியுமா மேடம்?" என்று மட்டும் கேட்டேன்.

வைத்தார். மதிப்பிட வந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர், காரில் வந்து இறங்கியவர். ஸ்டூலைப் பழையபடி பின்சுவர் பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவரை ஏறி உட்காரச் சொன்னேன். நேராகப் போய் வாசல் முனை ஆற்றுப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அதான் நீயே எழுதியிருக்கியேம்மா, ஆறு தெரியறதுன்னு" என்றார்.

என் நண்பன் கூண்டுக்குப் பின்னால் போய் இருமினான்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு போன் வந்தது. பேச வெளியே போனார். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசல் முனைக்கு வந்துவிட்டேன். அவர் போனைப் பார்த்தபடியே திரும்பி வந்து, ஏறி, செங்கல் சுவர் பக்கம், எனக்கு எதிர்முனையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஆறு எங்க போச்சு?"

"ஆறு அங்கயேதான் சார் இருக்கு. நான்தான் இடம் மாறிட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நான் எடுத்துக் கொடுத்த பதில்கள், ஒழுகிய கூரை, பஸ், எதையும் விடவில்லை. அவர் கேட்டுவிட்டுத் தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நான் பஸ்ல போய்ப் பல வருஷம் ஆச்சு. ஆனா கார்ல டிரைவர் வலது பக்கம், நான் எப்பவும் பின்னாடி இடது பக்கம். அப்ப, இத்தனை நேரம் நீதான் என் டிரைவரா?"

"ஆமா சார்."

பேராசிரியை முதன்முறையாகச் சிரித்தார். மற்றவர், அதுவரை பேசாமல் குறிப்பெடுத்தவர், "சரி, யாருமே இல்லன்னா எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பெரியவரும் கார் பழக்கத்தால் இடப்பக்கமே உட்கார்ந்ததைப் பார்த்தால், பெண்கள் இடப்பக்கம் தேடுவது பஸ்ஸால் மட்டும்தானா என்பதும் தெரியாது என்றேன். அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை மணி நேரம் கிடையாது. பிறகு கூப்பிட்டு, கட்டுரையிலிருந்து ஆற்றை முழுக்க நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கு, தொடரலாம் என்றார்கள்.

அன்றே ஸ்டூலைக் கொட்டகையிலிருந்து அகற்றிவிட்டேன். அது இப்போது மார்க்கெட்டில் அம்மா கடையில் இருக்கிறது. "வருசம் பூரா ஆராய்ச்சி பண்ணி மிச்சமானது இதானா?" என்று அவள் கேட்டாள், உட்கார்ந்துகொண்டேதான். படிவத்தையும் மாற்றி அச்சடித்தேன். டிக் போடும் கட்டங்கள் இல்லை, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதக் காலியாகக் கோடுகள் மட்டும். உள்ளே கூரையில் ஒரு போன் படம் பிடிக்கும். நான் கண்ணில் படமாட்டேன்.

போன ஞாயிறு மதியம் மார்க்கெட்டிலிருந்து ஐந்து மீன்காரம்மாக்களை அம்மா கூட்டி வந்தாள். அவளுடைய பழைய படிவத்திலும் நான் எடுத்துக் கொடுத்த டிக்தான் இருந்தது, அதனால் முதலில் அவளையே ஏறச் சொன்னேன். கதவைக் காட்டிவிட்டு வெளியே வந்து, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் கொட்டகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். டீ பாதி குடித்தபோது உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏண்டி, இங்க ஒருத்தரும் இல்ல. எந்தப் பக்கம் உக்கார்றது?"

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, புதிய படிவத்தின் முதல் கோட்டில் அவள் கேட்டதை அப்படியே எழுதினேன்.