கொரிய மொழியில் போயிட்டு வர்றேன்

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு இன்டர்வியூ நடந்தது. சென்னைப் பக்கம் இருக்கும் கொரியன் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலை. லேப்டாப்பில் ஒரு கொரிய அதிகாரி. எதிரே என் மகள் கயல். சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னால், மூச்சுவிடாமல் நானும் என் மனைவியும்.

விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் வழியாகப் பாண்டிச்சேரி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய்க் கொரியன் படித்தவள் கயல். இந்த வேலை கிடைக்காவிட்டால்? திண்டிவனத்தில் என் மைத்துனர் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. அம்மாவுக்கும் மகளுக்கும் அப்படித்தான் ஒப்பந்தம்.

மகள் படிக்கும்போது நான் சும்மா இருப்பேனா? நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வினைச்சொல் கற்றேன். ‘காதா’. போவது என்று அர்த்தம். நண்பனிடம் ஒரு விதமாக, பெரியவரிடம் ஒரு விதமாக, அதிகாரியிடம் இன்னொரு விதமாக அதன் வால் மாறும். தலை மட்டும் எப்போதும் ‘கா’. நான் தலையோடு நிறுத்திக்கொண்டேன். ‘கொரியாவிலும் அப்பாவுக்கு அப்பாதான்’ என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்ய அந்தப் புலமை போதாதா என்ன...

கூடவே ஒரு தகவல். வீட்டை விட்டுக் கிளம்பும் கொரியர்கள் ‘போறேன்’ என்பதில்லையாம். ‘தன்யோ ஓகெஸ்ஸும்னிதா’ - போயிட்டு வர்றேன் - என்பார்களாம். இதைப் பெருமையாக மனைவியிடம் சொல்லி வைத்தேன். யாரிடம்? ‘போறேன்’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிய தன் தம்பியை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கி, தண்ணீர் குடிக்க வைத்து, அடுத்த பஸ்ஸில் அனுப்பியவளிடம்.

இன்டர்வியூ நன்றாகவே போனது. கடைசியில் கயல் தலை குனிந்து, “கா பொகெஸ்ஸும்னிதா” என்றாள்.

“என்னாங்க சொல்றா?”

“போறேங்கறா.”

மனைவியின் முகம் மாறியது.

யார் முதலில் இணைப்பைத் துண்டிப்பது என்ற மரியாதையில் அதிகாரியும் கயலும் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் திரைச்சீலை பேசியது.

“கயலு, போறேன்னு சொல்லாதடி. போயிட்டு வர்றேன்னு சொல்லு.”

கயல் மைக்கை அணைத்தாள். “அம்மா, நான் சொன்னது மரியாதையாதான். நீ சொல்றது வீட்ட உட்டு கெளம்பும்போது சொல்றது.”

“நீ வீட்டுலதான இருக்கற? சொல்லு.”

“அப்பா, நீயாவது சொல்லேன்.”

மொழியா, மனைவியா என்று வந்தால் என் நிலைப்பாடு ஊரறிந்தது. “அதையும் ஒரு தபா சொல்லிடும்மா” என்றேன்.

மைக்கைப் போட்டுச் சொன்னாள். அதிகாரி குனிந்தவர் நிமிர்ந்து விழித்தார். விடைபெற்ற பெண் எதற்குத் திரும்பி வருகிறாள்? “ஓதி காசேயோ?” என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. ‘எங்கே போறீங்க?’ கிளம்புகிறவரிடம் இதைக் கேட்டால் எங்கள் வீட்டில் பயணமே ரத்து.

“என்னாங்க கேக்கறாரு?”

“நல்லபடியா போயிட்டு வாம்மாங்கறாரு.”

“தங்கமான மனுசன்” என்றாள் மனைவி.

கயல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரைச்சீலையைக் காட்டி, கொரியனில் நிதானமாக ஏதோ விளக்கினாள். ‘கா’ பல முறை வந்தது. வால்கள்தான் எனக்குப் பிடிபடவில்லை. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். எழுந்து நின்று, எங்கள் சமையலறையை நோக்கி இடுப்பு வரை குனிந்தார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மனைவி கும்பிட்டாள்.

இந்த வாரம் ஆர்டர் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று மைத்துனர் பேஜாராகிக் கிடக்கிறார்.

“அப்பா, இனிமே நம்ம வூட்டுல மொழிபெயர்ப்பு எல்லாம் நானே பண்ணிக்கறேன்” என்றாள் கயல்.

சம்பளம் வாங்கப்போகிறவள் சொல்கிறாள். கேட்டுக்கொண்டேன்.