சொட்டு மருந்து நாளில் தும்மிய கோழி

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கச் சொட்டு மருந்து போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு குப்பியைத் திறந்தால் நூறு கோழிக்கு வரும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். மொட்டை மாடியில் ஐந்தாறு கோழி வைத்திருப்பவன் நூறு கோழிக்கு எங்கே போவான்? அதனால் ராஜகீழ்ப்பாக்கம், இரும்புலியூர் பக்கத்துக் கோழிக்காரர்கள் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாராவது ஒருவர் வீட்டு மாடிக்கு எல்லோரும் தங்கள் கோழிகளைக் கூடையிலும் அட்டைப்பெட்டியிலும் போட்டுக் கொண்டுவருவோம். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கண்ணில் ஒரு சொட்டு விடுவார். அப்புறம் காபி, அரட்டை.

அரட்டையில் நான்தான் பெரிய ஆள். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வைரஸ் எது, பாக்டீரியா எது, எந்த நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எடுத்துவிடுவேன். பாதி பேர் கேட்பார்கள், பாதி பேர் போனைப் பார்ப்பார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

போன தடவை என் வீட்டு மாடியில் கூடினோம். இரும்புலியூரிலிருந்து ஓர் அம்மா முதல்முறையாக வந்திருந்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நிலம் இருந்த இடத்தில் இப்போது வாடகை வீடுகள் இருக்கின்றன. பின்கட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறார். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், அவளுக்குக் கடை முட்டை கொடுக்க மனசு வரவில்லையாம். அவர் கோழிகளுக்கு அதுவரை எந்தத் தடுப்பு மருந்தும் போட்டதில்லை.

பேச்சு எப்படியோ ஆன்டிபயாட்டிக் பக்கம் திரும்பியது. எங்களில் ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறவர். அவருடைய அப்பாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி தொற்றி, எந்த மருந்துக்கும் கேட்காமல் இறந்துபோனார்.

"ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் போட்டாங்க சார். எல்லாத்துக்கும் அந்தக் கிருமி ரெசிஸ்டன்ட்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை நான். கண்ட மாத்திரையைக் கோழிக்குக் கரைத்து வைக்கிறவர்களால்தான் கிருமிகள் மருந்துக்குப் பழகிப் போகின்றன என்று ஆரம்பித்தேன்.

இரும்புலியூர் அம்மா வெகுளியாகச் சொன்னார்: "நான்கூட தும்மிச்சின்னா ஒரு மாத்திரைய தண்ணில கரைச்சி வச்சிடுவேன் சார். போன வாரம்கூட வச்சேன்."

"அம்மா, வெள்ளைக்கழிச்சல் வைரஸால வர்றது. வைரஸுக்கு மாத்திரை கேக்காது. உங்க மாதிரி ஆளுங்க பண்றதுதான் ஊருக்கே வினையா முடியுது" என்றேன், எல்லோர் முன்னாலும். அவர் முகம் சின்னதாகிவிட்டது. கூடையின் மேல் போட்டிருந்த துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இப்போது என் கூடைக்கு வருகிறேன். புதிதாக வாங்கிவந்த சிவப்புக் கோழி ஒன்று இரண்டு நாளாகத் தும்மிக்கொண்டிருந்தது. அதைத் தனியாக அடைத்து வைத்திருக்க வேண்டும், கூட்டத்தைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவன் வீட்டுக் கோழிக்கே சீக்கு என்றால் மானம் என்னாவது? பல் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து, வலி நின்றதும் நான் பாதியில் நிறுத்திய ஆன்டிபயாட்டிக் கேப்சூல் மிச்சம் இருந்தது. முந்தின நாள் அதைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து வைத்தேன். காலையில் தும்மல் குறைந்ததுபோல் இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வீட்டுக்காரன் என்பதால் முதலில் என் கோழிகளுக்குப் போட்டேன். சிவப்புக் கோழி தலையை உதறியதில் சொட்டுக்குழாயின் முனை அதன் கண்ணில் பட்டது. பார்த்தேன். வேறு குழாய் எடுக்க எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். அதே குழாயோடு அடுத்த கூடையை நகர்த்தச் சொன்னேன். அது இரும்புலியூர் அம்மாவுடைய கூடை.

மறுநாளே சிவப்புக் கோழி, வெள்ளைக்கழிச்சலில் ஆவதுபோலக் கழுத்து திருகிச் செத்தது. தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். கோழிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. மற்றவர்களின் கோழிகளெல்லாம் முன்பே பலமுறை மருந்து போட்டுக்கொண்டவை, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. முதல் சொட்டு பலிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்று தெரிந்தும், இரும்புலியூர் அம்மாவின் கோழிகளை மட்டும் நினைக்காமல் இருந்துகொண்டேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா என் வீட்டு கேட்டில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. செருப்பில் ஒட்டிக்கொண்டு ஏதாவது வந்துவிடுமாம்.

"எல்லாம் போச்சு சார். ஒண்ணுகூட மிச்சம் இல்ல. பச்சையா கழிஞ்சி, கழுத்த முறுக்கிகினு... என் பொண்ணு பாத்துட்டு அழுவுறா."

தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் மாத்திரைய குடுத்து நோவ உள்ளயே அமுக்கி வச்சிருக்கேன். அது தெரியாம உங்க எல்லார் கோழிங்க பக்கத்துல இட்டாந்து வச்சிட்டேன். அதான் ஒவ்வொரு வூடா போய் கேட்டுகினு வரேன். உங்க கோழிங்க நல்லா கீதா சார்?"

அவர் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். வெயிலில் நடந்து, வீடு வீடாக, என்னுடைய தப்புக்கு. சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. தொண்டை வரை வந்தது.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

"அது போதும் சார்" என்று கை கூப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பெரிய பாரம் இறங்கியவர்போல மூச்சு விட்டார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். சொன்னேன். இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது.

"பரவாயில்லம்மா. இனிமேலாவது ஜாக்கிரதையா இருங்க."