குடங்கள் வரிசை கட்டிய சுவர்

என் வீட்டுக்காரருக்கு எழுபத்தைந்து வயது, எனக்கு அறுபத்தெட்டு. பிள்ளைகள் வெளியூரில். அருப்புக்கோட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன தை மாதம் அவர் பின்கட்டுக்குப் போகும் நடையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, அந்த மட்டுக்கும் தப்பித்தோம். ஆனால் என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. தெருவில் போனவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். இன்னொரு தடவை விழுந்தால் என்ன செய்வேன் என்ற பயம் அன்றைக்கு வந்தது. அதன்பிறகு அது என்னை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் வயதானவர்களை விழாமல் நடக்கப் பழக்கினார்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலும் விரலும் தொட அடி வைப்பது, விழுந்துவிட்டால் எப்படி எழுவது என்றெல்லாம் ஒரு பெண் சொல்லித்தந்தாள். "கொக்கு மாதிரி நிக்கணுமாக்கும்" என்று முனகினாலும் அவர் தினமும் செய்தார். நான் பக்கத்தில் நின்று காவல் காத்தேன்.

ஒருநாள் அந்தப் பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். குழாயில் தண்ணீர் விட்டிருந்த நாள் அது. எங்கள் ஊரில் வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. இருக்கிற குடம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பி நடையில் சுவரோரமாக வரிசை கட்டியிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் இடம்.

"அம்மா, அய்யா எதப் புடிச்சுட்டு நடப்பாக? செவுத்துக்கிட்டயே போக முடியலயே. தரையும் ஈரமாக் கெடக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அப்ப தண்ணிய எங்க தாயி வைக்க? என் தலையிலயா?"

கேட்டுவிட்டேனே தவிர, அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. சாயங்காலமே எல்லாவற்றையும் முன்னறைக்கு மாற்றினேன். அவருக்குச் சுவர் கிடைத்தது. பின்கட்டுக் குழாயடியிலிருந்து வீட்டின் முன்பக்கம் வரை சுமக்கிற வேலை எனக்குக் கிடைத்தது.

அடுத்தமுறை தண்ணீர் வந்தபோது, இடுப்பில் குடத்தோடு முன்னறையில் நானே சறுக்கி விழுந்தேன். அவர் சுவரைப் பிடித்தபடி வந்து, குனிந்து கை நீட்டினார்.

"கிட்ட வராதீக! ரெண்டு பேரும் விழுந்தா யாரு தூக்குறது?" என்று கத்தினேன்.

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"அவசரப்படாத. மொதல்ல ஒருக்களிச்சுப் படு. கைய ஊனி முட்டி போடு. இப்ப நாக்காலியப் புடி."

அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னார். அழுதுகொண்டே எழுந்தேன். வலியைவிட அலுப்புதான் அழ வைத்தது.

"நாளையிலருந்து நீயும் என்கூட நில்லு" என்றார். "நாந்தான் விழுவேன் விழுவேன்னு பாத்துக்கிட்டிருந்தோம். உனக்கும் வயசாயிருச்சுங்கறத மறந்துட்டோம்."

"நிக்கிறேன்" என்றேன். பின்னால் குழாயடியில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. குழாயை அடைக்க நான்தான் போக வேண்டும். போனேன், நடையில் காலியாய்க் கிடந்த அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு.