256 எம்.பி. லேப்டாப்பும் புங்க மரத்தடியும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பாதி வேலை மெஷினைச் சரிசெய்வது. மீதிப் பாதி, "நான் எதையுமே தொடல சார், தானா நின்னுபோச்சு" என்பதை முகம் மாறாமல் கேட்டுக்கொள்வது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் இந்த இரண்டு வேலையையும் நானும் என் கூட்டாளி ஆரோக்கியராஜும் பல வருஷம் பார்த்தோம். பழைய லேப்டாப்பை வைத்துக்கொள்ளவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் அவதிப்பட்ட அன்பர்களே, உங்கள் வலி எனக்குத் தெரியும். 2010-இல் ஒரே ஒரு லேப்டாப் இரண்டு வாரத்தில் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் உங்களுடையதைச் சொல்லலாம்.

அண்ணன் கொடுத்த சீர்

வசந்தா அக்கா சிதம்பரத்துக்காரர். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். காலையில் பஸ் பிடித்துக் கடலூர் வந்து, ஆபீஸ் மதிலோரம் இருந்த புங்க மரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு டைப் அடித்துத் தருவார். பென் டிரைவை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்குப் போனால் பிரிண்ட். ஆறு வருஷமாக அந்த நிழல் அவருடையது. பட்டா கிடையாது, அனுபவ பாத்தியதைதான்.

முதலில் டைப்ரைட்டர் வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் இருக்கும் அண்ணன் புது லேப்டாப் வாங்கி, பழசைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன்மார் தங்கைக்குச் செய்யும் சீர்களில் இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது. ரேம் 256 எம்.பி. கூடுதல் ரேம் போடலாம் என்றால் அந்த மாடலுக்குக் கடலூரிலும் இல்லை, பாண்டிச்சேரியிலும் இல்லை. பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். அதில் பாதியை ஆன் ஆவதற்கே எடுத்துக்கொண்டது. மரத்தடியில் பிளக் பாயிண்ட் ஏது?

இதற்கிடையில் கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒருத்தர் மடக்கு மேசையோடு வந்து, கையால் மனு எழுத ஆரம்பித்திருந்தார். அவர் கண் புங்க மர நிழல் மேல். அக்கா ஒரு வாரம் அசந்தால் மேசை உள்ளே வந்துவிடும். "சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க தம்பி" என்று லேப்டாப்பை எங்கள் மேசையில் வைத்தார். அப்படி எவ்வளவு மெதுவாகத்தான் வருகிறது என்று கேட்டேன்.

"நெலத் தகராறு மனு எழுத வந்தவரு தாத்தா காலத்துல ஆரம்பிச்சு பேரன் காலத்துக்கு வந்துட்டாரு தம்பி, இது இன்னும் வரல."

தபாலில் வந்த சுதந்திரம்

ஆரோக்கியராஜுக்கு, கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ்மேல் பைத்தியம். அப்போது வெளிநாட்டிலிருந்து லினக்ஸ் சி.டி.யை இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். ஒன்று கேட்டால் போதாதா, பத்துப் பத்தாகக் கேட்டு வாங்கி அடுக்கி வைத்திருந்தான். வெளிநாட்டில் இவனுக்கு வேலை கிடைக்கப் போகிறது என்று போஸ்ட்மேன் இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

"இந்த அக்காவுக்கு விடுதலை குடுக்கிறோம் மச்சான்" என்றான். ஊரெல்லாம் பேர் பெற்ற பெரிய லினக்ஸ் ஒன்றை எடுத்தான். 512 எம்.பி. வேண்டும் என்று அதன் உறையிலேயே எழுதியிருந்தது. கல்யாணப் பத்திரிகையில் நேரத்தைப் பார்க்கிற மாதிரிதான் நாங்கள் அதையெல்லாம் பார்ப்போம். மனு ஃபைல்களை எல்லாம் பத்திரமாக ஒரு சி.டி.யில் எழுதிக்கொண்டு, பழையதைத் துடைத்துவிட்டுப் புதுசைப் போட்டோம். வால்பேப்பர் அருமையாகத் தெரிந்தது. அதை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்து கொடுத்தனுப்பினோம்.

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஒரு ஃபைலைக்கூடத் திறப்பதற்குள் பேட்டரி உயிரை விட்டுவிட்டதாம். காத்திருந்த மூன்று பேரும் மேசைக்காரரிடம் போய்விட்டார்கள். மேசையும் நாலடி நகர்ந்து மர நிழலின் ஓரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆரோக்கியராஜ் மட்டும் அசரவில்லை.

"மெதுவா வருதுன்னு சொல்லாதீங்கக்கா, அழகா வருது."

நாய்க்குட்டி

அவனைப் பிடித்து வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு நானே தேட உட்கார்ந்தேன். அன்பர்களே, லேசான லினக்ஸ் தேடுவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். ஒன்றுக்குப் படமே வராது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். ஒன்றில் எல்லாம் வரும், மவுஸ் வராது. இன்னொன்று மவுஸோடு நன்றாக வந்தது. பென் டிரைவைச் செருகினால் 'நீ யார்' என்று கேட்டது. புதன்கிழமை முழுக்க ஏழு சி.டி. எழுதினேன். நாலு, டீ டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் ஆயிற்று.

கடைசியில் மாட்டியது பப்பி லினக்ஸ். மொத்தமே நூறு எம்.பி. சொச்சம். அப்படியே ரேமில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஓடும். ஒரு நிமிஷத்துக்குள் திரை வந்தது. வந்ததோடு நிற்கவில்லை, 'வள் வள்' என்று இரண்டு குரைப்பும் குரைத்தது. செய்தவர்கள் ஆசையாக வைத்த சத்தம் அது. அப்போது சி.பி.யு.வை வாங்கிப் போக நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த கரும்பு விவசாயி ஒருத்தர், காலை மேலே தூக்கிக்கொண்டு நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நாய் லேப்டாப்புக்குள் இருக்கிறது என்று விளக்கினேன். அவர் காலை இறக்கவில்லை.

"அங்க இருந்தா மட்டும்? கட்டிப் போடாமலா சார் வளக்குறது!"

ரெஃப்ரெஷ்

குரைப்பை அடக்கிவிட்டு வெள்ளிக்கிழமை அக்காவை வரச் சொன்னேன். வந்தார், உட்கார்ந்தார், திரையில் ரைட் கிளிக் செய்தார். மெனுவை மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம் பார்த்தார். "ரெஃப்ரெஷ் எங்க?" என்றார்.

நம் ஊரில் கம்ப்யூட்டரைத் தொடுகிற அத்தனை பேரும் முதலில் செய்வது இதுதான். ரைட் கிளிக், ரெஃப்ரெஷ், ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். அஞ்சு தரம் பண்ணினால்தான் மெஷினுக்குச் சுறுசுறுப்பு வரும் என்பது ஐதீகம். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. கம்ப்யூட்டர் சென்டரில் முதல் நாளே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அக்கா, ஐகான் ஒருதரம் கண் சிமிட்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். "அது எப்படி ஒண்ணும் இல்லாம போவும்? அத்தினி பேரும் பண்றாங்க" என்றார். ஆரோக்கியராஜ் உள்ளே புகுந்து மென்பொருள் சுதந்திரம் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான். அக்கா அவன் முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, மறுபடி ரைட் கிளிக் செய்து பார்த்தார்.

பப்பியில் மெனு என்பது வெறும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதைத் திறந்து, 'ரெஃப்ரெஷ்' என்று ஒரு வரி சேர்த்தேன். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சத்தியமாக ஒன்றுமே நடக்காது. ஆரோக்கியராஜ் என்னைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அக்கா அஞ்சு தரம் அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இப்பத்தான் தம்பி, மெஷினுக்கு உசுரே வந்திருக்கு."

எழுத்து போன கதை

அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. அக்கா ஒரு பழைய மனுவைத் திறந்தார். 'ஐயா, வணக்கம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக எறும்பு ஊர்ந்தது. அடுத்த ஃபைலும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. இரண்டு வருஷத்து மனுக்கள்.

தப்பு என்னுடையது. ஃபைல்களைக் காப்பி எடுத்தவன், அந்த எழுத்துருவைக் காப்பி எடுக்கவில்லை. அந்தக் காலத்துத் தமிழுக்கு ஃபாண்ட் போனால் எழுத்தே போச்சு என்பது, இந்தத் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியாததா? அதிலும் அது கடையில் கிடைக்கிற ஃபாண்டும் இல்லை. அக்கா படித்த சிதம்பரம் இன்ஸ்டிட்யூட்டில் யாரோ, டைப்ரைட்டர் சாவிகளின் வரிசைக்குத் தோதாகச் செய்து கொடுத்தது. அதில்லாமல் அவர் விரல் ஓடாது. அக்கா ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. "எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியுற யூனிகோடுக்கு மாறிடுங்கக்கா, உலகமே மாறுது" என்றான் ஆரோக்கியராஜ். "உலகம் மாறட்டும்ப்பா, நாளன்னிக்கு மறுநாள் திங்கக்கிழமை" என்றார் அக்கா.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவர் மனுவை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கிறார் என்றால், அதே ஃபாண்ட் அங்கேயும் இருந்தாக வேண்டுமே! பென் டிரைவோடு ஓடினேன். கடைக்காரர் பாய், ஃபாண்டைத் தேடி எடுத்து, என் பென் டிரைவில் போட்டுக் கையில் கொடுத்தார். பத்திரமாக இருக்கிறதா பாய் என்று கேட்டேன்.

"ஃபாண்ட் ஒண்ணுதான் தம்பி நீங்க கேட்டது, கூட வர்ற வைரஸெல்லாம் நம்ம கடை அன்பளிப்பு."

திங்கட்கிழமை

அன்பளிப்புகள் லினக்ஸில் பாஷை தெரியாத ஊரில் இறங்கியவர்கள்போல் முழித்துக்கொண்டு நின்றன. ஃபாண்ட் மட்டும் வேலை செய்தது. திங்கட்கிழமை மனசு கேட்காமல் நானும் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனேன். புங்க மரத்தடியில் நட்டநடுவே மேசை போட்டாயிற்று. மேசைக்காரர் விடியற்காலையிலேயே வந்துவிட்டாராம். அக்கா சண்டை போடவில்லை. வெயிலில், மதில்மேல் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தார். ஒரு நிமிஷத்தில் வந்தது. அஞ்சு தரம் ரெஃப்ரெஷ் செய்தார். பிறகு விரல்கள் ஓடின. அன்றைக்கு அவர் அடித்த முதல் மனு அவருடையதே: ஆறு ஆண்டுகளாக மேற்படி மரத்தடியில் மனு எழுதிவரும் தமக்கு அவ்விடத்தை ஒதுக்கித்தர வேண்டும் என்று, மூன்று பக்கம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். ஆறு வருஷத்தில் அவர் அந்த வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். பின்னாலேயே ஒரு வாட்ச்மேன் வந்து, மேசையை இழுத்து மரத்துக்கு ஒரு பக்கம் போட்டு, மறுபக்கத்தை அக்காவுக்குக் காட்டிவிட்டுப் போனார். பாதி நிழல். மேசைக்காரர் முறைத்தாலும், தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஜெயித்துவிட்டீர்களே அக்கா என்றேன். அக்கா சிரிக்கவில்லை. மனுவை வாங்கிய அதிகாரி முதல் வரியைப் பார்த்தாராம், நேரே மூன்றாம் பக்கத்துக் கடைசி வரிக்குப் போனாராம், நடுவில் இருந்தது எதையும் தொடவே இல்லையாம். அடுத்து மனு எழுத வந்த ஒரு அம்மாவிடம் அக்கா, "என்னா வேணும்னு மட்டும் சொல்லும்மா" என்று கேட்டு, எட்டே வரியில் முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தினி நாளா அத்தினி பேரையும் மூணு பக்கத்த சொமக்க வச்சு அனுப்பியிருக்கேனே தம்பி."

ஒரு லேப்டாப்பின் பாரத்தைக் குறைக்க நாங்கள் இரண்டு பேர் இரண்டு வாரம் ஏழு சி.டி.யை எழுதித் தள்ளினோம், மனுவின் பாரத்தை அக்கா வரிசையில் நின்றே குறைத்துக்கொண்டார்.