கருகிய பாத்தி

2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்த இமெல்டா கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. குசினி ஜன்னல் விளிம்பு வெறுமையாக இருந்தது. படிக்கட்டு ஜன்னலும் அப்படியே. மகள் ஜெசிக்காவின் அறையிலும் ஒரு நாற்றுத் தட்டு இல்லை. பெப்ரவரியில் விதை தூவி, முளைத்ததைப் பிரித்துச் சின்னச் சாடிகளுக்கு மாற்றி, வீட்டில் வெளிச்சம் விழும் இடமெல்லாம் அடுக்கி வளர்த்த நூற்று அறுபது பூங்கன்றுகளில் ஒன்றுகூட வீட்டுக்குள் இல்லை.

பின்கதவைத் திறந்தாள். செவ்வந்தி, பெற்றூனியா, காசித்தும்பை எல்லாம் தோட்டத்துப் பாத்தியில் வரிசையாக நின்றன. பாதிக் கன்றுகள் தலை தொங்கிவிட்டன. அவளுடைய கணவன் ஸ்ரனிஸ்லாஸ் ரப்பர் குழாயால் அவற்றின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி இருக்கு?" என்றான். "நாளைக்குப் பிள்ளையின்ர முதல் நன்மை வீடியோவுக்குப் பின்னாலை பூ நிண்டா நல்லம் எண்டு வீடியோக்கார அலோசியஸ் சொன்னவர். மத்தியானமே நட்டு முடிச்சுப்போட்டன்."

"ஆரைக் கேட்டு நட்டனீங்கள்?"

"நடுறதுக்கு வைச்சிருந்த கண்டுதானே. நட்டா என்ன?"

இமெல்டா ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தாள். தண்டு நசிந்திருந்தது. மெல்லிய கன்றை இலையில்தான் பிடிக்க வேண்டும், தண்டில் பிடித்தால் அதன் கழுத்தை நெரித்தது போலாகும் என்று அந்த வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். வெயில் சாய்ந்த பிறகுதான் நட வேண்டும். நடமுன் ஒரு கிழமையாவது பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்துப் பழக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மே மாதம் பதினைந்தாம் திகதிக்கு முன் இந்த நாட்டில் இந்தப் பூக்களை வெளியே நடவே கூடாது. பனிப் புனிதர்கள் என்று இங்கே சொல்கிற அந்த நாட்கள் கடக்கும்வரை எந்த இரவும் உறைபனி விழலாம். ஸ்ரனிஸ்லாஸ் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அந்தப் புனிதர்களின் பெயர்களும் அவனுக்குத் தெரியும்.

இமெல்டாவுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. மன்னாரிலிருந்து ஜெர்மனிக்கு அகதியாக வந்து, ஆறு வருடம் அலுவலகங்களில் தரை துடைத்து, பிறகு டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு நாற்றுத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கண்ணாடிக் கூடாரத்துக்குள் நீண்ட மேசை முன் நின்று, மணிக்கு எழுநூறு நாற்றுகளைத் தட்டிலிருந்து சாடிக்கு மாற்றுவாள். அங்கே அவளைவிட வேகமான கை இருந்ததில்லை. அவர்கள் குடியிருந்தது, முன்னொரு காலத்தில் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. வீட்டுக்குப் பின்னால் கல்லும் நிலக்கரித் தூசியுமாகக் கிடந்த துண்டு நிலத்தை அவள்தான் கொத்தி, உரம் போட்டு, ஐந்து வருடத்தில் தோட்டமாக்கினாள்.

ஆனால் அங்கிருந்த தமிழ்ச் சனத்துக்கு அது ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையின் தோட்டம். அந்த வீடுகளை வாடகைக்கு விடும் வீட்டுச் சங்கம் வருடந்தோறும் நல்ல தோட்டத்துக்குப் பரிசு கொடுக்கும். முந்திய இரண்டு வருடமும் அது இந்த வீட்டுக்குக் கிடைத்தது. குடியிருப்பு ஒப்பந்தத்தில் அவன் பெயர் மட்டும் இருந்ததால் பரிசுப் பத்திரங்களிலும் அவன் பெயரே இருந்தது. அவன் இரண்டையும் சட்டம் போட்டு நடையில் மாட்டினான். இமெல்டா ஒவ்வொரு நாளும் அவற்றின் கீழே குனிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த நாள், கோவிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கிய வெள்ளை உடுப்போடு ஜெசிக்கா பாத்தியின் முன் நின்றாள். விருந்தாளிகள் தோட்டம் நிறைய. வீடியோக்காரர் அலோசியஸ் கமராவைத் தோளில் வைத்தபடி, "அண்ணை, தோட்டத்தைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்றார்.

"அது என்ர பொழுதுபோக்குத்தானே" என்று ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தான். "வேலையால வந்தா இதுக்குள்ளைதான் நிப்பன்."

றோல்ஸ் பலகாரத் தட்டோடு பக்கத்தில் நின்ற இமெல்டாவைக் கமரா பார்க்கவில்லை. தட்டை எறிந்துவிட்டுப் போகவேண்டும் போல அவளுக்கு இருந்தது. பிள்ளையின் நாள் என்பதற்காக எறியவில்லை.

அன்றிரவிலிருந்து அவள் பழைய படுக்கை விரிப்புகளால் பாத்தியை மூடத் தொடங்கினாள். மாலையில் மூடுவதும் காலையில் எடுப்பதுமாக ஒரு கிழமை போனது. மேலும் ஒரு கிழமை இப்படிச் சமாளித்தால் கன்றுகள் தப்பிவிடும். ஆனால் மே எட்டாம் திகதி அன்னையர் தினம். நாற்றுத் தோட்டத்தில் வருடத்திலேயே மோசமான கிழமை அது. அதற்கு முந்திய நாளான சனிக்கிழமை அங்குள்ள கடையைப் பூட்டி, அடுக்கி, வீட்டுக்கு வரப் பத்து மணியாகும். காலையில் புறப்படும்போதே சொன்னாள்.

"இண்டைக்கு வானம் வெளிச்சிருக்கு. ராவைக்குக் குளிரும். ஆறு மணிக்கு மறக்காமல் மூடிவிடுங்கோ."

"ஓம் ஓம், நான் பாக்கிறன்."

இரவு கால் வீங்கி வந்தவள், "மூடினனீங்களோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றான் அவன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் நம்பிப் படுத்துவிட்டாள்.

காலையில் ஜெசிக்கா கோப்பியும் தானே வரைந்த வாழ்த்து மட்டையும் கொண்டு வந்தபோது, இமெல்டா பின்கதவில் நின்றிருந்தாள். விரிப்புகள் மடித்தபடி வாங்குப் பலகையின் மேல் கிடந்தன. புல்லெல்லாம் வெள்ளை. பாத்தியில் நின்ற அத்தனையும் கொதிதண்ணீர் ஊற்றிய கீரை போலக் கறுத்துக் கிடந்தன.

ஸ்ரனிஸ்லாஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தான்.

"பின்னேரம் நல்ல சூடாத்தானே இருந்தது. தேவையில்லை எண்டு நினைச்சன்."

"மூடினது எண்டு சொன்னீங்கள்."

"நித்திரை வந்திட்டுது. அதுக்கு இப்ப என்ன? கடையில வேற வாங்கி நடுவம்."

கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இமெல்டா குரல் உயர்த்தியதை அயலவர்கள் கேட்டதில்லை. அன்றைக்கு இரண்டு பக்கத்து வீட்டு ஜன்னல்களும் திறந்தன.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? நட முதல் கேட்டனீங்களோ? ஊருக்கு உங்கட தோட்டம் எண்டு சொல்ல முதல் கேட்டனீங்களோ? மூண்டு மாதம் ஒவ்வொண்டாத் தூக்கி வைச்ச கண்டு. ஒண்டையும் பிடுங்கக் கூடாது. நீங்கள் நட்டது, நட்ட மாதிரியே நிக்கட்டும். வாற போற சனம் பாக்கட்டும்."

அவன் அடுத்த நாளே பெரிய கடையிலிருந்து மூன்று தட்டுப் பூச்செடிகள் வாங்கி வந்தான். இமெல்டா அவற்றை அப்படியே தூக்கித் தெருவோரத்தில் வைத்து, 'இலவசம், எடுத்துச் செல்லுங்கள்' என்று ஜெர்மன் மொழியில் ஒரு மட்டை எழுதிச் செருகினாள். ஒரு மணித்தியாலத்தில் தட்டுகூட மிஞ்சவில்லை.

கறுத்த பாத்தி அப்படியே கிடந்தது. காய்ந்தது. இடையில் களை எழும்பியது. ஜூன் நடுப்பகுதியில் பரிசுக்குப் பார்வையிட வீட்டுச் சங்கத்திலிருந்து கெஸ்லர் அம்மாவும் குறிப்புப் புத்தகத்தோடு ஒருவரும் வந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அயர்ன் பண்ணிய சட்டையோடு அவர்களைப் பின்பக்கம் கூட்டிப் போனான். இமெல்டா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"இந்த வருடம் நாற்று சரியில்லை" என்று அவன் ஜெர்மன் மொழியில் சொல்வது கேட்டது. "தரம் குறைந்த கன்றுகள். என்ன செய்வது."

இமெல்டா கத்தியை வைத்துவிட்டு, கை கழுவாமலே வெளியே வந்தாள். அவளுடைய ஜெர்மன் இலக்கணம் பிழைதான். ஆனால் நாற்றைப் பற்றிய சொற்கள் எல்லாம் அவளிடம் இருந்தன.

"கன்று நல்ல கன்று. விதைத்தது நான். இவர் மே பதினைந்துக்கு முன்னம் நட்டார், நடு மத்தியானம் நட்டார், மூடச் சொன்னேன், மூடவில்லை. நீங்கள் இரண்டு வருடம் பரிசு கொடுத்த தோட்டமும் நான் செய்தது."

கெஸ்லர் அம்மா ஸ்ரனிஸ்லாஸைப் பார்த்தார். அவன் களையைப் பார்த்தான்.

"உங்கள் பெயர் எங்களிடம் இல்லையே" என்றார் கெஸ்லர் அம்மா.

"நீங்களும் கேட்கவில்லை. இரண்டு தரமும் வந்தீர்கள். கையில் மண்ணோடு நின்றது நான். நீங்கள் அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனீர்கள்."

கெஸ்லர் அம்மாவின் முகம் சிவந்தது. ஒப்பந்தத்தில் மனைவியின் பெயரையும் சேர்க்க ஓர் அன்ராக், அதாவது விண்ணப்பம், கொடுக்கலாம், இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார். "அனுப்புங்கள்" என்றாள் இமெல்டா.

விண்ணப்பம் மூன்றாம் நாள் தபாலில் வந்தது. அவள் தன் கையெழுத்தைப் போட்டு அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதை நகர்த்திவிட்டுச் சாப்பிட்டான். அடுத்த நாளும் வைத்தாள்.

"இதென்ன கூத்து" என்றான். "புருசன் பொண்டாட்டிக்குள்ளை ஆற்ற பேர் இருந்தால் என்ன? சனம் கேட்டாச் சிரிக்கும்."

"ஆற்ற பேர் இருந்தாலும் ஒண்டுதானே. அப்ப கையெழுத்து வையுங்கோ."

அவன் வைக்கவில்லை. மூன்று கிழமை அந்தக் கடதாசி மேசையிலேயே கிடந்தது. இந்த நேரத்தில் சங்கத்தின் வேறொரு பிரிவிலிருந்து கடிதம் வந்தது. தோட்டம் பராமரிப்பின்றிக் கிடப்பதாகவும், இரண்டு கிழமைக்குள் துப்புரவாக்காவிட்டால் ஆள் வைத்துச் செய்து கட்டணம் அறவிடப்படும் என்றும் ஸ்ரனிஸ்லாஸ் பெயருக்கு எழுதியிருந்தார்கள்.

அவன் கடிதத்தை அவளிடம் நீட்டினான்.

"எனக்கேன் தாறீங்கள்?" என்றாள் இமெல்டா. "பேர் உங்கட. கடிதமும் உங்களுக்குத்தான்."

அடுத்து வந்த சனிக்கிழமை முழுக்க அவன் முழங்காலில் நின்று காய்ந்த தண்டுகளையும் களையையும் பிடுங்கினான். மண் இறுகிவிட்டிருந்தது. கையில் கொப்புளம் போட்டது. ஜெசிக்கா உதவிக்குப் போக எழுந்தபோது இமெல்டா வேண்டாம் என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவன் பேனையை எடுத்து, கொப்புளம் போட்ட கையால் கையெழுத்துப் போட்டான்.

ஓகஸ்ட்டில் இருவர் பெயரும் போட்ட புதிய ஒப்பந்தம் வந்தது. செப்டெம்பர் நடுவில், வெயில் இறங்கிய ஒரு பின்னேரம், இமெல்டா வேலைத்தலத்திலிருந்து கொண்டு வந்த எண்பது பான்சிக் கன்றுகளை நட்டாள். அவை குளிருக்குப் பயப்படாத பூக்கள். சாடியோடு நனைத்து, அடியைத் தட்டி எடுத்து, வேரை விரலால் சற்றுத் தளர்த்தி, குழியில் இறக்கி, சுற்றி அழுத்தினாள். ஸ்ரனிஸ்லாஸ் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து நின்றான்.

"நானும் ரெண்டு வரிசை நடட்டோ?"

"வைச்சிட்டுப் போங்கோ."

அவன் வாளியை வைத்துவிட்டுப் போனான். அவனை நடவிட்டிருக்கலாமே என்று மறுநாள் வேலை மேசையில் பக்கத்தில் நிற்கும் குமுதினி கேட்டாள்.

"மூடினது எண்டு பொய் சொன்னதுக்கு இன்னும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்றாள் இமெல்டா, அடுத்த தட்டை இழுத்தபடி. "முதல்ல அதைச் சொல்லட்டும். பிறகு பாப்பம்."