கடற்காற்றின் மேல் போட்ட பழி

கலியாணமான மறுவருடமே எனக்கு முட்டு தொடங்கிவிட்டது. ஆஸ்துமா என்றார் டொக்டர். அப்போது நாங்கள் தொண்டைமானாற்றில், கடலைப் பார்த்த வீட்டில் இருந்தோம். வளவுக்குள் கருவாடு காயும். கடற்காற்றும் கருவாட்டு நெடியும்தான் ஆகவில்லை என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. என் கணவருக்குக் கடலைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஆனாலும் ஒருநாள் கரைக்கு வந்ததும் வராததுமாக, "உடுவிலிலை ஒரு வீடு பார்த்திருக்கிறன். போவம்" என்றார். வள்ளத்தை விற்றுவிட்டு, கடல் கண்ணில் படாத அந்த ஊரில் தோட்டச் சாமான் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

முட்டும் எங்களோடு கூடவே வந்தது. இத்தனை வருடமும் இன்ஹேலர் இல்லாமல் நான் வாசல் படலை தாண்டியதில்லை. பல் தீட்டினால் முரசில், அந்த ஈற்றுச் சதையில், இரத்தம் கசியும். நோவுக்குப் பயந்து மேலாகத் தடவிவிட்டு எழும்பிவிடுவேன். நெஞ்சுக்குப் பார்க்கிற டொக்டரிடம் பல்லைப் பற்றிச் சொல்ல ஒருநாளும் தோன்றவில்லை.

போன வருடம் கன்னம் வீங்கிப் பல் டொக்டரிடம் போனேன். இளம்பெண். வாயைப் பார்த்தவர், என் மடியிலிருந்த இன்ஹேலரையும் பார்த்தார்.

"இதை அடிச்சாப் பிறகு வாய் கொப்பளிக்கிறனீங்களோ, அம்மா?"

"இல்லைப் பிள்ளை."

"முரசு முழுக்கப் பழுதாக் கிடக்கு. உந்தக் கிருமியள் நித்திரையிலை எச்சிலோடை மூச்சுக்குழாய்க்குள்ளை போகலாம். உங்கடை வருத்தம் அதாலைதான் வந்தது எண்டு சொல்லமாட்டன். ஆனா கூட்டியிருக்கும்."

சில மாதங்கள் போய்வந்தேன். முரசு ஆறியது. நெஞ்சு மருந்தை நிறுத்தவில்லை. என்றாலும் மூச்சுக்கு எழும்பி உட்காருவது குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "அப்ப, கடற்காத்து இல்லையோ?"

"அதுவும் கொஞ்சம் இருக்குமாம்." டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

"திரும்பிப் போவமோ?" என்றும் கேட்டேன்.

"இனிப் போய்? வலை இழுக்கிற தோளே இது?"

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போனோம். கும்பிட்டு முடிய இவர் கரைப்பக்கம் நடந்தார். யாரோ ஒருவர் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். இவரும் போய்த் தோள் கொடுத்தார். வேட்டி நனைய நின்று, அது போய் மறையும்வரை பார்த்தார். காற்று பலமாக வீசியது.

திரும்பி வந்தவர் கேட்டார். "முட்டுதோ?"

"இல்லை."

அன்றைக்காவது கொஞ்சம் முட்டியிருக்கக் கூடாதா. அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.