பக்கத்து சீட்டு மாஸ்டர்

என் வீட்டுக்காரரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு அவர் 'மாஸ்டர்'. கடைத்தெருவில் அவரோடு நடந்தால் நாலு வண்டியாவது வேகம் குறைத்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போகும். பல் டாக்டர், தலைமை ஆசிரியை, தீயணைப்பு நிலையத்துக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. இருபத்து நாலு வருடமாக ஒரே டிரைவிங் ஸ்கூல், ஒரே வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அங்கே தனியாகப் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் செய்யப்போகும் தப்புக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு போனால் எதிரே இருக்கும் ஸ்டூல் உதை வாங்கும். நான் வெங்காயம் நறுக்கும்போது கத்தி கொஞ்சம் வேகமாகப் போனாலும் மேஜைக்கு அடியில் தரையை அழுத்துவார். கல்யாணமான புதிதில் எனக்கும் மூன்று நாள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரே தெருவில் பதினோரு முறை பிரேக் போட்டார். நான் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு ஒரு ஸ்டூடண்டை வரவழைத்து அவர் வண்டியை ஸ்கூலுக்குக் கொண்டுபோனாராம். "உனக்கு இது வராதும்மா" என்று அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவர்தான். இருபது வருடமாக அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

எங்களுக்குச் சொந்தக் கார் இருந்ததில்லை. ஸ்கூல் பத்து நிமிட நடை தூரம். பிறகெதற்குக் கார் என்று நானும் இருந்துவிட்டேன். போன வருடம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"அம்பது வயசு ஆகறதுக்குள்ள ஒரு தடவையாவது, பக்கத்துல ஆளே இல்லாம, என் வண்டிய நானே ஓட்டணும்."

"ஓட்டுங்களேன். யார் வேண்டாம்னா?"

"சும்மா ஒரு வண்டி இல்லம்மா. மிதிச்சா முதுகு சீட்டோட ஒட்டணும்."

ஐம்பதுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே காலத்தைத் தள்ளிய மனிதர். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துக் கார் வாங்க முடியாதே. நான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை நடத்துகிறேன். வாரம் நாலு இடத்துக்காவது சட்டங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டு நிபந்தனை வைத்தேன். நாலடி நீளம், மூன்றடி அகலமுள்ள என்னுடைய பெரிய சட்டம் வண்டிக்குள் படுக்க வேண்டும். யானைக்குத் தீனி போடுவதுபோல் பெட்ரோல் போடக் கூடாது.

"ஸ்போர்ட்ஸ் கார்ல சட்டத்தையா படுக்க வைப்ப?" என்றார், அடிபட்டவர்போல.

"படுக்கலைன்னா நீங்க நடந்தே போங்க."

வாய்ச்சொல்லை நம்பாமல், வெற்றுச் சட்டம் ஒன்றைக் கையோடு தூக்கிக்கொண்டே ஷோரூம் ஷோரூமாக ஏறினேன். முதல் ஷோரூமில் இரண்டே கதவுள்ள மஞ்சள் கார். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் சட்டம் பாதி நுழைந்து, சாய்ந்த கூரையில் இடித்து நின்றது.

"மேல கட்டிக்கலாம் மேடம்" என்றார் விற்பனைக்காரர்.

"சரி, லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?"

"இந்த வண்டி வாங்கறவங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்க மேடம்."

"கேக்கறவ வந்திருக்கேன். சொல்லுங்க."

"எட்டு" என்றார், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு. நான் சட்டத்தை வெளியே இழுத்தேன்.

இரண்டாவது ஷோரூமில் பெட்டிபோல உயரமான ஒரு வண்டி. சட்டம் போனது, கூடவே நானும் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. லிட்டருக்கு இருபது. எனக்கு வாயெல்லாம் பல். இவர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு நின்றார். "இதுல போனா வழியில கை காட்டி நிறுத்தி நாலு பேர் ஏறிக்குவாங்க" என்றார்.

இதற்குள் எனக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியிருந்தது. இரண்டு இடத்திலும் "ஓட்டிப் பாக்கறீங்களா சார்?" என்று சாவியை நீட்டினார்கள். இரண்டு இடத்திலும் இவர் நேரே போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பழக்க தோஷம் என்று நினைத்தேன். ஓட்டியவர்கள்தான் பாவம். "கண்ணாடி பாத்தீங்களா? கிளட்ச்ச மெதுவா விடுங்க. எதுக்கு இந்த அவசரம்?" என்று வழி முழுக்கப் பாடம். இரண்டாவது ஷோரூம்காரர் வியர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து, "மேடம், நான் பாஸா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

மூன்றாவது ஷோரூமில்தான் அந்தச் சிவப்பு வண்டி இருந்தது. தாழ்வான உடம்பு, ஐந்து கதவு. பின் சீட்டை மடக்கினால் தரை சமமானது. சட்டம் உள்ளே போய், ஓர் அங்குலம் மிச்சம் வைத்துப் படுத்துக்கொண்டது. லிட்டருக்குப் பதினேழு தரும், காலை அழுத்தினால் பதினைந்து என்று விற்பனைக்காரர் மறைக்காமல் சொன்னார். எனக்கும் பிடித்திருந்தது, இவருக்கும் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் அப்படி நடப்பது அபூர்வம்.

சாவியை நீட்டினார்கள். இவர் வாங்கினார். ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கைப்பிடியைத் தொட்டார். கை அப்படியே நின்றது. பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், "நீங்க எடுங்க, நான் பாக்கறேன்" என்று விற்பனைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். இது பழக்க தோஷம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே சொன்னார்.

"கடைசியா நான் ஸ்டியரிங் பிடிச்சது, இந்த வேலைக்கு டெஸ்ட் குடுத்த அன்னிக்கு. வண்டிய எடுக்கறதும் ஸ்டூடண்ட், கொண்டு வந்து நிறுத்தறதும் ஸ்டூடண்ட். இருபத்து நாலு வருஷம் ஆச்சும்மா."

நான் கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

"அவங்க தப்பு பண்ணினா பிரேக் போட நான் இருக்கேன். நான் தப்பு பண்ணினா யாரும்மா போடறது?"

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும், இவ்வளவு பெரிய பயத்தை நான் கவனிக்கவில்லையே என்று மனசு வலித்தது.

"வண்டிய வாங்குவோம். பழகுற வரைக்கும் எல் போர்டு மாட்டிக்கலாம்" என்றேன்.

"மாஸ்டர் வண்டியில எல் போர்டா? ஊரே சிரிக்கும்."

சொன்னாரே தவிர, முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து எழுதி, மெல்லிய சட்டம் போட்டு, பின்னால் காந்தம் ஒட்டிக் கொடுத்தேன். என் கடையிலேயே நேர்த்தியான வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கிளம்புவோம். அவர் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில். இருநூறு போகக்கூடிய வண்டி இருபத்தெட்டில் போகும். சைக்கிளில் போகிறவர்கள் முந்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் பல் டாக்டரின் கார் எங்கள் பக்கத்தில் வந்தது. போர்டைப் பார்த்தார், ஸ்டியரிங்கில் இருந்தவரைப் பார்த்தார்.

"மாஸ்டர், யாருக்குக் கத்துக் குடுக்கறீங்க?"

"வண்டிக்கு" என்றார் இவர், முகம் மாறாமல். "புதுசுல்ல, அதைப் பழக்கிட்டு இருக்கேன்." டாக்டர் தலையாட்டிக்கொண்டு போனார். வண்டியையும் பழக்க வேண்டும் என்று இன்றைக்கும் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் எல் போர்டு செருப்பு அலமாரியின் மேல் கிடந்தது. வண்டியைக் காணோம். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அடுப்பில் வைத்த பாலை மறந்தேன். நாற்பது நிமிடம் கழித்துச் சிவப்பு வண்டி தெருமுனையில் திரும்பி, வாசலில் ஆடாமல் அசையாமல் நின்றது.

இறங்கியவரின் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

"ஒட்டுச்சும்மா" என்றார். "முதுகு சீட்டோட ஒட்டுச்சு."

"பிரேக் எத்தனை தடவை?"

"சிக்னல்ல மட்டும்தான்" என்றார். நான் உள்ளே போய் எல் போர்டை எடுத்துவந்து வண்டியின் பின்னால் ஒட்டினேன்.

"மறுபடி எதுக்கு? நான்தான் பாஸ் ஆயிட்டேனே."

என்னுடைய பழகுநர் உரிமத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதற்கு முந்தின மாதம் கடைக்குக் கண்ணாடி வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போய் எடுத்தது. அதில் இருந்த என் போட்டோவையும் என்னையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எனக்கு மூணு நாள்தான் ஆச்சு" என்றேன். "நாலாவது நாள் பாக்கி இருக்கு."

ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சுற்றிக்கொண்டு வந்து, இருபத்து நாலு வருடம் உட்கார்ந்த பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கால் தரையில் எதையோ தேடியது. இந்த வண்டியில் அங்கே எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு கால்களையும் மடக்கி சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டார்.

"கண்ணாடி பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"அப்ப எடு."